சீட்டு சொல்வதும் சொல்லாததும்



போன இதழில் மழைக்காலத்துச் சேற்றுப்புண்ணைப் பற்றியும், ஈரத்துணி உரசி வருகிற கொப்புளத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் போடிப் பக்கத்திலிருந்தே ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி 19 வருஷம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள். விடிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர். ஐப்பசி மழையில் நனைந்து மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் மறைவிடத்தில் எரிச்சல், பொட்டுப் பொட்டாகக் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, ஒன்றுக்குப் போனால் மிளகாய் அரைத்துத் தடவியது போல் காந்தல். ஒரு கிளினிக்கில் காட்டினார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் சீட்டில் ‘ஹெர்பிஸ் – பாசிட்டிவ்’ என்று வந்தது. “இது புருஷன் பெண்சாதி உறவில் ஒட்டுவது” என்று மட்டும் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

“அன்னைக்கிருந்து வீட்ல அடுப்பு எரியுது, பேச்சு இல்ல அக்கா. அவரு என்னையப் பாத்து ‘யாருகிட்ட வாங்குன?’ன்னு கேட்டுட்டாரு. எனக்கோ, இத்தனை வருஷமா இல்லாதது இப்ப எப்படி வரும், இந்த மனுசன்தான் எங்கயோ போயிட்டு வந்திருக்காருன்னு தோணுது. அவரும் சத்தியம் பண்றாரு, நானும் சத்தியம் பண்றேன். யாரு பொய் சொல்றது?”

இப்படிக் கேட்டிருக்கிறார். கூச்சமான விஷயம். மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றிப் படிக்கிற பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் ஒரு துண்டுச் சீட்டால் ஒரு குடும்பமே குலைந்து நிற்கும்போது கூச்சம் பார்த்தால் சரியில்லை. அந்தச் சகோதரிக்கு என் பதில்: இரண்டு பேருமே நிஜம் பேசிக்கொண்டிருக்கலாம். அது எப்படி என்பதைத்தான் இந்த முறை விளக்கப் போகிறேன்.

அக்கியிலிருந்து ஆரம்பிப்போம்

ஹெர்பிஸ் என்றதும் நம் ஊரில் பலரும் ‘அக்கி’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அக்கி என்றால் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொண்டு வருவது நம் பக்கத்து வழக்கம். அந்த அக்கி வேறு, இந்தச் சகோதரிக்கு வந்தது வேறு. ஆனால் இரண்டு கிருமிகளும் ஒரே குடும்பம், பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. அக்கியைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிதாகப் புரியும்.

சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை போட்டிருக்கும். வேப்பிலை போட்டுப் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்போம். அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. முப்பது நாற்பது வருஷம் கழித்து, உடம்பு தளர்ந்த சமயம், ஒரு பக்கத்து விலாவிலோ முகத்திலோ கொப்புளமாக எழுந்து வருகிறது. அதுதான் அக்கி. ஐம்பது வயதில் அக்கி வந்த பெரியம்மாவைப் பார்த்து யாராவது, “போன வாரம் யாரிடம் வாங்கினாய்?” என்று கேட்கிறோமா?

கடிதத்தில் உள்ள நோய்க்குக் காரணம் ‘ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்’ என்ற கிருமி. சுருக்கமாக எச்.எஸ்.வி. என்பார்கள். இதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் வருவது. காய்ச்சல் வந்து விடும்போது உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்புமே, “ராத்திரி ஏதோ பூச்சி ஓடியிருக்கும்” என்று சொல்லிவிடுவோமே, அதுதான். அநேகமாகக் குழந்தைப் பருவத்தில், முத்தத்திலும் எச்சிலிலும் ஒட்டுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் மறைவிடத்தில் வருவது, உடலுறவில் பரவுவது. ஆனால் முதல் வகையும் வாய் வழியாக மறைவிடத்துக்குப் போகலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம், முதல் வகைக் கிருமி இருக்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேரிடம், நூற்றுக்கு 13 பேரிடம், இரண்டாம் வகை இருக்கிறது. இத்தனை பேரும் ஒழுக்கம் கெட்டவர்களா என்ன?

மண்ணுக்குள் கிழங்கு

தோட்டத்தில் கோரைப்புல் பிடுங்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேலே எத்தனை சுத்தமாகச் செதுக்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். கோடை முழுக்க ஒன்றும் தெரியாது. ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, “நேற்று யாரோ வந்து கோரை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்” என்று சொல்ல மாட்டோம்.

எச்.எஸ்.வி.யும் அப்படித்தான். ஒரு தடவை உடம்புக்குள் வந்தால் நரம்பு முடிச்சில் தங்கிவிடும். காய்ச்சல், மாதவிலக்கு, அலைச்சல், தூக்கமின்மை, மனக்கவலை, வேறு நோய் ஏதாவது வந்தால் அது எழுந்து தோலுக்கு வரலாம். புதிதாக ஒட்டி, உடனே அடையாளம் காட்டுகிறவர்களுக்கு 2 முதல் 12 நாளுக்குள் புண் வரும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி வருவதே இல்லை. ஒன்றுமே தெரியாது, அல்லது லேசான அரிப்பு, சின்னக் கீறல் போல ஏதோ வந்து நாலு நாளில் ஆறிவிடும். அமெரிக்காவில் இரண்டாம் வகை உள்ளவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு ‘உனக்கு இது இருக்கிறது’ என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை என்று அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. மறைவிடத்தில் எது வந்தாலும் நமக்கு அது ‘சூடு’. வெந்தயம் ஊறவைத்துக் குடிப்போம், நீர்மோர் குடிப்போம், இளநீர் குடிப்போம். நாலைந்து நாளில் தானாகவே ஆறும். “பாரு, சூடு தணிஞ்சிருச்சு” என்போம். தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் நாள் முழுக்க ஈரப் பாவாடையோடு குனிந்து நிமிர்கிறார்கள், ஒதுங்க இடம் கிடையாது. அவர்களுக்கு எரிச்சலும் அரிப்பும் வந்தால் துணி உரசினது என்று விட்டுவிடுவார்கள். ஆண்களும் அப்படியே. ‘இதுதான் முதல் தடவை’ என்று நாம் நினைப்பது, டாக்டரிடம் காட்டின முதல் தடவையாக மட்டும் இருக்கலாம்.

ஆகவே 19 வருஷம் கழித்து வந்த புண், 19 வருஷத்துக்கு முந்தைய கிருமியாகவும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரில் ஒருவருக்கு, அவருக்கே தெரியாமல் வந்திருக்கலாம். முதல் வகையானால் பாட்டி கொடுத்த முத்தத்தில்கூட ஆரம்பித்திருக்கலாம். அதற்காக, புதிதாக ஒட்டியிருக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. அதுவும் நடக்கக்கூடியதுதான். புண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எது என்று சொல்ல முடியாது.

எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

நிறையக் குழப்பம் இங்கேதான் நடக்கிறது. சோதனை ஒன்றல்ல, பல உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, புண்ணிலிருந்தே பஞ்சுக் குச்சியால் நீர் தொட்டெடுத்துச் செய்வது. பி.சி.ஆர். என்பார்கள். கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே முறை. புண் வந்த ஓரிரு நாளில், பொருக்குக் கட்டும் முன்னால் எடுத்தால் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. முதல் வகையா இரண்டாம் வகையா என்பதும் தெரிந்துவிடும். புண் ஆறுகிற சமயத்தில் எடுத்தால் இருந்தும் இல்லை என்று வரலாம். அதனால் ‘ஞாயித்துக்கிழமை வேலை இல்லை, அன்னைக்குப் போய்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது, ரத்தத்தில் பார்க்கும் ஐ.ஜி.ஜி. இது கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு தயாரித்து வைத்திருக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. கிருமி வந்தபின் அந்தப் பொருள் உண்டாகச் சில வாரம் ஆகும், சிலருக்கு 12 முதல் 16 வாரம்கூட ஆகும். வந்த பிறகு வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். ஆகவே ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் ‘எப்போதோ இந்தக் கிருமி உள்ளே வந்திருக்கிறது’ என்று மட்டுமே அர்த்தம். போன மாதமா, போன தீபாவளியா, பள்ளிக்கூட நாளிலா என்று அது சொல்லாது. யாரிடமிருந்து என்றும் சொல்லாது. முதல் வகைக்குப் பாசிட்டிவ் என்றால் உதட்டிலா கீழேயா என்றுகூடச் சொல்லாது.

மூன்றாவது, ஐ.ஜி.எம். இதுதான் ரொம்பக் குழப்புவது. ‘ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் புது நோய்’ என்று பலர் சொல்வார்கள். வேறு சில நோய்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஹெர்பிஸுக்குப் பொருந்தாது. பழைய கிருமி மறுபடி தலைதூக்கும்போதும் இது பாசிட்டிவ் காட்டும். வகை பிரித்தும் காட்டாது. இதை வைத்து முடிவு சொல்ல வேண்டாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்.

நமக்குக் கடிதம் எழுதிய சகோதரி தன் சீட்டின் நகலையும் வைத்திருந்தார். அதில் இருந்தது என்ன தெரியுமா? ‘எச்.எஸ்.வி. 1, 2 – ஐ.ஜி.எம். பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்’. அவ்வளவுதான். இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுச் செய்த சோதனை. சின்ன வயதில் உதட்டில் கொப்புளம் வந்தவர் யார் போய்க் கொடுத்தாலும் அந்த ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றுதான் வரும். எந்த வகை என்றே சொல்லாத ஒரு சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எந்த ஆள் என்று சண்டை நடந்திருக்கிறது!

இலக்கத்தையும் பாருங்கள்

வகை பிரித்துச் செய்த ஐ.ஜி.ஜி.யிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சீட்டில் பாசிட்டிவ் என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண் போட்டிருப்பார்கள். பல சோதனைகளில் 0.9-க்குக் கீழே இல்லை, 1.1-க்கு மேலே உண்டு, நடுவில் சந்தேகம். ஏலக்காய்க் கடையில் சல்லடை போட்டுப் பிரிக்கிற பெண்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். 8 மில்லிமீட்டர் காய் மேலேயே நின்றுவிடும். சின்னக் காய் கீழே விழும். சல்லடைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நிற்கிற காயை என்ன செய்வோம்? எடுத்து மறுபடி சலித்துத்தானே எந்தக் குவியல் என்று முடிவு கட்டுகிறோம்?

இரண்டாம் வகைக்கான ஐ.ஜி.ஜி. எண் 1.1-க்கு மேல், ஆனால் 3-க்குள் என்றால் அது அப்படிச் சல்லடையில் மாட்டிய காய். நோயே இல்லாதவருக்கும் இந்த அளவு வந்துவிடுவது உண்டு. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மாதிரிக் குறைந்த எண் வந்தால் வேறு முறையில் இன்னொரு சோதனை செய்து உறுதி செய்யச் சொல்கிறது. அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-ல், இரண்டாம் வகைக்கான ரத்தப் பரிசோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம் என்று எச்சரித்தது. புண்ணோ எரிச்சலோ எதுவும் இல்லாதவர்களுக்குச் சும்மா இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம் என்று அங்கே உள்ள நிபுணர் குழு சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம்.

சரி, பழசா புதுசா என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாதா? ஒரு வழி உண்டு, அதுவும் ஓரளவுக்குத்தான். புண் இருக்கும்போதே குச்சி வைத்து எடுக்க வேண்டும், அதே சமயம் வகை பிரித்த ஐ.ஜி.ஜி.யும் பார்க்க வேண்டும். குச்சியில் இரண்டாம் வகை உண்டு, ரத்தத்தில் இரண்டாம் வகை எதிர்ப்புப் பொருள் இன்னும் இல்லை என்றால், அநேகமாகச் சமீபத்தில் வந்தது. குச்சியிலும் உண்டு, ரத்தத்திலும் நல்ல அளவில் உண்டு என்றால், கிருமி முன்பே உள்ளே இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் என்று அப்போதும் தெரியாது.

ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்றால்?

இன்னொரு சங்கடம். மனைவிக்கு உண்டு, கணவருக்குப் பார்த்தால் இல்லை. “எனக்கு இல்லையே, அப்ப நீதான்!” என்று கிளம்பிவிடுவார்கள். அதுவும் தவறு. இந்தக் கிருமி ஒவ்வொரு தடவையும் ஒட்டுவதில்லை.

2004-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கணவன் மனைவி போல் வாழ்கிற இருவரில் ஒருவருக்கு இரண்டாம் வகை உண்டு, மற்றவருக்கு இல்லை. இப்படி 1,484 ஜோடிகளை 8 மாதம் கவனித்தார்கள். எல்லோருக்கும் ஆணுறை பற்றி எடுத்துச் சொன்னார்கள். நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தினம் வாலசைக்ளோவிர் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்ட 741 ஜோடிகளில் 27 பேருக்குத்தான் புதிதாக ஒட்டியது. மருந்து சாப்பிட்ட 743 ஜோடிகளில் 14 பேருக்கு. அப்படியானால் வருஷக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்தும் ஒருவருக்கு ஒட்டாமலே இருப்பது அதிசயமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. புண் எல்லாமே ஹெர்பிஸ் அல்ல. வலியில்லாத ஒற்றைப் புண் மேகநோயாக இருக்கலாம். அரிப்பும் வெடிப்பும் சர்க்கரை நோயால் வரும் பூஞ்சையாக இருக்கலாம். அதோடு, இரண்டாம் வகை ஹெர்பிஸ் இருந்தால் எச்.ஐ.வி. ஒட்டும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே புண் வந்தால் மேகநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் கணவன் மனைவி இருவருமே சோதித்துக்கொள்வதுதான் முறை. அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1997-ல் புனேயிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்கள் பலருக்கும் எச்.ஐ.வி. வந்திருந்ததை எடுத்துக் காட்டியது. நம்பிக்கை வேறு, பரிசோதனை வேறு. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு

கரு கலைந்த பெண்களுக்கு ‘டார்ச்’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிச்சம் அடிக்கிற டார்ச் இல்லை! குழந்தையைப் பாதிக்கக்கூடிய சில கிருமிகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துச் சேர்த்த பெயர். 1971-ல் அமெரிக்க டாக்டர் நாமியாஸ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் வைத்தது. அதில் கடைசி எழுத்து ஹெர்பிஸைக் குறிக்கும். அந்தச் சீட்டில் ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்தால், அதனால்தான் கரு தங்கவில்லை என்று அர்த்தமில்லை. ‘மருமகளுக்கு ஏதோ வியாதியாம்’ என்று சொந்தத்தில் பரப்புவதற்கும் அது சாட்சியில்லை.

நிஜமான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பிரசவம் நெருங்குகிற சமயத்தில் புதிதாக இந்தக் கிருமி தாய்க்கு ஒட்டினால், குழந்தைக்குப் போகும் அபாயம் நூற்றுக்கு 30 முதல் 50 வரை. பழைய கிருமி உள்ள தாய்க்கு மறுபடி தலைகாட்டினால் அபாயம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. தாயின் உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போய்க் காப்பாற்றுகிறது. ஆகவே முன்பு எப்போதாவது புண் வந்திருந்தால் பிரசவ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 36-வது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும்போது புண் இருந்தால் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பார்கள். கணவருக்குப் புண் இருந்து மனைவிக்கு இல்லையென்றால், கடைசி மூன்று மாதம் விலகியிருப்பதே நல்லது.

தாய்மார்களுக்கு இன்னொன்று. பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர் யாரானாலும், உதட்டில் கொப்புளம் இருந்தால் முத்தம் கொடுக்க விடாதீர்கள். “என்ன மதினி, என் மருமகப்பிள்ளைய நான் தொடக் கூடாதா?” என்று கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதல் ஒன்றரை மாதத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல், கொப்புளம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வெட்டு இழுப்பது என்று எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மார்பில் புண் இல்லாத வரை தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

வைத்தியமும் வீட்டுப் பக்குவமும்

கிருமியை அடியோடு ஒழிக்க மருந்தில்லை. ஆனால் அடக்கிவைக்க நல்ல மருந்து உண்டு. அசைக்ளோவிர் என்று பெயர். இந்த மருந்து ஆராய்ச்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி. 1988-ல் நோபல் பரிசு பெற்றவர். புண் கண்டவுடன் ஆரம்பித்தால் சீக்கிரம் ஆறும். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் சாப்பிடும்படி டாக்டர் தொடர்ந்து கொடுப்பதும் உண்டு. வருஷம் போகப் போக அநேகம் பேருக்குத் தானாகவே வருவது குறைந்துவிடும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்கு இலவசமாக மருந்துப் பை தருகிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஏற்பாட்டில், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிறத்தில் பை. ஹெர்பிஸுக்கு 5-ம் எண், சிவப்புப் பை. நம் பக்கத்தில் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். எச்.ஐ.வி. சோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை இருக்கும். பெயர் வெளியில் போகாது. நேரில் கேட்கக் கூச்சமானால் 104 அல்லது 1097-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். பருத்தித் துணியே கட்டுங்கள். ஒன்றுக்குப் போகும்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் காந்தல் குறையும். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற அரிப்புக் களிம்பு எதையும் தடவாதீர்கள். புண் இருக்கும் நாளில், அது நன்றாக ஆறும் வரை, உறவு வேண்டாம். புண் இல்லாத நாளிலும் கிருமி தோலுக்கு வந்து போவதால் ஆணுறை ஓரளவு காக்கும். கக்கூஸில் உட்கார்ந்ததாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டதாலோ இந்த மறைவிட நோய் வருவதில்லை. ஆகவே சட்டி பானை பிரிக்க வேண்டாம், பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கவைக்க வேண்டாம்.

சீட்டு கையில் வந்தால்

1. எந்தச் சோதனை என்று முதலில் பாருங்கள்: புண்ணிலிருந்து எடுத்ததா, ரத்தமா?
2. முதல் வகையா, இரண்டாம் வகையா என்று பிரித்திருக்கிறதா?
3. ஐ.ஜி.எம். மட்டும் பாசிட்டிவ் என்றால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.
4. ஐ.ஜி.ஜி. எண் என்ன? 3-க்குள் என்றால் மறு சோதனை கேளுங்கள்.
5. புண் இருந்தால், அது ஆறும் முன்பே குச்சி வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.
6. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்தே தோல் டாக்டரிடம் போங்கள். தனித்தனியாகக் கேட்டு வந்து சொன்னால் பேச்சு மாறும்.

கடைசியாக அந்தச் சகோதரிக்கு. அம்மா, உன் சீட்டை வைத்து உன்னையும் குற்றம் சொல்ல முடியாது, அவரையும் குற்றம் சொல்ல முடியாது. மறுபடி புண் வந்தால் அன்றைக்கே போய்க் காட்டு. அதுவரை காத்திராமல், வகை பிரித்த ஐ.ஜி.ஜி. சோதனையை இரண்டு பேரும் செய்துகொள்ளுங்கள். மேகநோய், எச்.ஐ.வி. இரண்டையும் பார்த்துவிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் நேராகக் கேள். 19 வருஷமாக அவரை உனக்குத் தெரியும், உன்னை அவருக்குத் தெரியும். அவர் பதில் உன் மனசுக்குச் சரியாகப் படவில்லையானால் அது வேறு பேச்சு, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் லாப் சீட்டைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. அதற்கு அவ்வளவு தெரியாது. இந்தப் பக்கத்தை அவரையும் படிக்கச் சொல். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்துவிட்டு வந்துவிடு.

அடுத்த இதழில் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டேன்.